துறைமுகச் சுவரில் ஒரு மஞ்சள் தலை

ஒருவரைப் பற்றிச் செய்தி தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கே ஏழு வருஷமாக எந்தச் செய்தியும் இல்லையென்றால், அவர் இறந்துவிட்டதாகக் கொள்ளலாம் என்று சாட்சியச் சட்டம் சொல்கிறது. இல்லை, உயிரோடிருக்கிறார் என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்த புதிதில் இந்தப் பிரிவைப் படித்துவிட்டு, எவ்வளவு சுத்தமாக எழுதியிருக்கிறார்கள் என்று வியந்திருக்கிறேன். விதியை எழுதுகிறவர்கள் அதற்குள் குடியிருப்பதில்லை என்பது பிறகுதான் புரிந்தது.

அந்தப் பிரிவு எங்கள் வீட்டுக்கு வந்தது 1949இல். திருத்தணி அப்போது சித்தூர் ஜில்லாவில் இருந்தது. ஆபீசில் தெலுங்கில் எழுதுவோம், தமிழில் சண்டை போடுவோம்.

என் அக்காவின் கணவரைப் பாவா என்று கூப்பிடுவோம். எல்லையோர ஊர்களில் அக்காள் புருஷனுக்கு அதுதான் பெயர். அம்மையார்குப்பத்து நெசவுக் குடும்பம். சின்ன வயதில், தெருவில் நீளமாக இழுத்துக் கட்டியிருந்த பாவு நூலுக்கு அடியில் ஓடும்போது, இடது காதுக் கடுக்கன் நூலில் மாட்டிக் காதுமடல் இரண்டாகப் பிளந்துவிட்டது. உளுந்தம்பருப்பு உடைந்த மாதிரி இருக்கும். அதை மறைக்கவே தலைமயிரைக் காது மூட வளர்த்து, எண்ணெய் தடவி, கண்ணாடி முன்னால் பாதிக் காலையைக் கழிப்பார். யுத்தத்துக்குச் சற்று முன்பு, லுங்கி விற்கிற கடையொன்றுக்கு ஆளாக ரங்கூனுக்குக் கிளம்பினார். கிளம்பிய அன்று காலை மலையடிவாரத்தில் நின்று, தெருவே கேட்கும்படி வேண்டிக்கொண்டார்.

"முருகா, நல்லபடியா திரும்பி வந்தேன்னா உனுக்கு மொட்டை போடறேன்!"

அந்தத் தலைமயிரை வைத்துப் பார்த்தால் அது பெரிய வேண்டுதல்தான்.

ரங்கூனில் குண்டு விழுந்தது. பிழைத்தவர்கள் காடும் மலையுமாக நடந்து திரும்பினார்கள். பள்ளிப்பட்டுக்காரர் ஒருவர் எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்து, ஏதோ ஓர் ஆற்றங்கரையில் பாவாவைப் பார்த்ததாகச் சொன்னார். எந்த ஆறு என்று சொல்லத் தெரியவில்லை. அதற்குப் பிறகு செய்தியில்லை. யுத்தம் முடிந்தது, தபால் திறந்தது, சுதந்திரமும் வந்தது. பாவாவிடமிருந்து ஒரு கார்டு வரவில்லை.

அக்கா எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். பிள்ளை இல்லை. தாலியும் குங்குமமுமாக இருந்தாள். ஆனால் கல்யாண வீடுகளில் மஞ்சள் குங்குமத் தட்டை எடுத்து வருகிற பெண்கள், அவளுக்கு முன்னால் வந்ததும் ஒருவரை ஒருவர் ஒருமுறை பார்த்துக்கொள்வார்கள். அந்த ஒரு பார்வைக்குப் பிறகுதான் தட்டு நீளும். அக்கா அதைப் பார்க்காதவள் மாதிரி குங்குமத்தைத் தொட்டுக்கொள்வாள். கொஞ்ச நாளில் கல்யாணங்களுக்குப் போவதையே நிறுத்தினாள்.

ஏழு வருஷம் கடந்ததும் அவளுடைய மாமனார் அம்மையார்குப்பத்திலிருந்து வந்தார். கண்ணில் புரை விழுந்து, ஆளை நிழலாகத்தான் பார்ப்பார். பாவாவின் தம்பிக்குப் பெண் பார்க்கப் போகிற இடத்திலெல்லாம், 'மூத்தவர் இருக்காரா, இல்லியா?' என்று கேட்கிறார்களாம். இருக்கிறார் என்றால் எங்கே என்கிறார்கள். இல்லை என்றால் காரியம் செய்தீர்களா என்கிறார்கள். இரண்டுக்கும் பதில் இல்லாத வீட்டில் யார் பெண் கொடுப்பார்கள்?

"புல்லால உருவம் செஞ்சி கொளுத்திடலாம்னு ஐயர் சொல்றாரு," என்றார் பெரியவர், என் பக்கம் திரும்பாமல். "நாள் குறிச்சாச்சு. நீ சர்க்கார் ஆளு தம்பி. சட்டமும் ஒத்துக்குதாமே?"

"ஒத்துக்குது மாமா," என்றேன். பிரிவின் எண்ணைக்கூடச் சொன்னேன். உள்ளே அக்காவின் கையில் இருந்த பாத்திரத்தின் சத்தம் நின்றது எனக்குக் கேட்டது.

உயிரோடிருக்கிறவனுக்குக் காரியம் செய்துவிட்டால் அவன் ஆயுசு அன்றோடு அறுந்துவிடும் என்பார்கள். தப்பித் திரும்பி வந்துவிட்டாலோ, மறுபடியும் பிறந்ததாகச் சடங்கு செய்தால்தான் வீட்டுக்குள் விடுவார்கள். எங்கள் ஆபீஸ் பதிவேட்டில் இறந்தவர் என்று ஏறிவிட்டவருக்கும் ஏறக்குறைய இதே கதிதான், ஐயருக்குப் பதிலாகத் தாசில்தார். இதையெல்லாம் நினைத்துச் சிரிக்க முயன்றேன். சிரிப்பு வரவில்லை. அக்கா கழுத்துத் தாலியை முந்தானைக்குள் பிடித்தபடியே வேலை செய்துகொண்டிருந்தாள். இருக்கிற ஆளைக் கொளுத்திவிடுவோமோ என்று அவளுக்குப் பயம். எனக்கும்தான். ஆனால் சட்டத்தைச் சொன்னவன் நான்.

காரியத்துக்குக் குறித்த நாள் நெருங்கியபோது பாவாவின் தம்பி சென்னையிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தான். துறைமுகத்துக்கு லுங்கி மூட்டை கொண்டுபோய்ப் போடுகிறவன் அவன். அன்றைக்கு அவன் உதடு வெளுத்திருந்தது.

"அண்ணி, எங்க அண்ணன் அங்க கீறான்."

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். "எங்க?"

"செவுத்துல."

துறைமுகத்துக்குள் பழைய கட்டடம் ஒன்றில் கூடம் கூடமாகச் சுவரில் படம் எழுதி ஜனங்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்களாம். சீமைக்குப் போய்ப் படித்து வந்த யாரோ சிலர், அங்கே வேலை செய்கிற கூலிகளையே நிற்கவைத்துப் பார்த்துப் பார்த்து எழுதியதாம். மூட்டை இறக்க நேரமாகும் என்று இவன் உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறான்.

"வரிசையா ஆளுங்க நிக்கிறாங்கோ. கடைசி ஆளு மொட்டை. தலை பூரா மஞ்சளா சந்தனம். நிக்கிற நெலை அண்ணன்தான் அண்ணி. மொகம் மட்டும் மொகமா இல்ல. நான் கிட்ட போவல, வந்துட்டேன்."

"மொகமே இல்லாத ஆளை எப்படிடா அடையாளம் கண்ட?" என்றேன்.

"நீ போயி பாரு. அப்புறம் கேளு."

அவனைக் கையோடு அம்மையார்குப்பத்துக்கு அழைத்துப்போய்ப் பெரியவரிடம் சொல்லவைத்தோம். அவர் முகத்தைப் பற்றிக் கேட்கவில்லை, நின்ற நிலையைப் பற்றிக் கேட்கவில்லை. ஒன்றையே திருப்பித் திருப்பிக் கேட்டார்.

"மொட்டையா? சந்தனம் பூசிகினா?"

"ஆங் நைனா."

"அப்ப மலைக்கு வந்துகிறான். வேண்டுதல் கட்டிட்டான்."

திருப்பதி மொட்டையாக இருக்கக் கூடாதா என்று நான் இழுத்தேன். பெரியவருக்கு வந்த கோபத்தில் புரை விழுந்த கண்கூடப் பளிச்சிட்டது. "தணிகை மலையில வேண்டிகினவன் அங்க போயி கட்டுவானா? சர்க்கார்ல இதான் சொல்லித் தராங்களா?"

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. வழித்த தலையும் மஞ்சளும் சேர்ந்து எங்கே கண்ணில் பட்டாலும் அது எங்கள் மலையிலிருந்து இறங்கியதுதான். நாள் தவறாமல் அப்படிப்பட்ட தலைகள் படியிறங்கி வருவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு வேறெதுவும் தோன்றுவதில்லை. எனக்கும் உண்மையில் தோன்றவில்லை.

அக்கா மட்டும் வீட்டுக்குத் திரும்பியபின் அடுப்பைப் பார்த்தபடி மெதுவாகக் கேட்டாள்.

"மலைக்கு வந்திருந்தாருன்னா நம்ம தெரு வழியாத்தான்டா வந்திருக்கணும்?"

"ஆமா."

"நம்ம வாசலைத் தாண்டித்தான் போயிருக்கணும்?"

செத்துப்போயிருப்பாரோ என்று ஏழு வருஷம் பயந்தவளுக்கு இப்போது வேறு பயம் வந்துவிட்டது. அதற்கு முதலாவது தேவலை என்று எனக்குத் தோன்றியது.

பெரியவர் காரியத்தை ஒத்திப்போட்டார். "மருமவ போயி பாக்கட்டும். அவ அவன்தான்னு சொன்னா காரியம் இல்ல, தேட ஆள் அனுப்பறேன். அவன் இல்லன்னா குறிச்சபடி நடக்கட்டும். தம்பி, நீ கூட போ. நீ சொன்னா சபையில எடுபடும்."

துறைமுகத்துக்குள் போக அனுமதி வேண்டும் என்று தெரிந்து, ஆபீசில் லீவு எழுதிக் கொடுத்ததோடு துறைமுகத்துக்கும் முறைப்படி எழுதி, அனுமதிச் சீட்டை வாங்கிவைத்தேன். பயம் வந்தால் நான் மனு எழுதுவேன். மற்றவர்கள் திருநீறு பூசிக்கொள்வார்கள்.

காலை ரயிலில் ஏறினோம். எங்கள் ஊரிலிருந்து கிளம்பும் எந்த வண்டியிலும் மொட்டைகளுக்குக் குறைவிருக்காது. எதிர்ப் பெஞ்சில் அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள், எல்லாருக்கும் மொட்டை. சந்தன வாசனை பெட்டி முழுக்க. அக்கா அந்த மனிதரின் தலையையே வெறித்துக்கொண்டிருந்தாள். அவர் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"இன்னாம்மா அப்படிப் பாக்கற? மொட்டையப் பாத்ததே இல்லியா?"

"எங்கூரு மொட்டைதான்," என்றாள் அக்கா. "சந்தனம் எத்தினி நாள் நிக்கும்?"

"குளிச்சா போச்சு. ஏன்?"

"சும்மாதான்."

அவர் மனைவி சிரித்தாள். "இவுரு ஒரு வாரம் குளிக்க மாட்டாரு. சாமி சந்தனமாம். சோம்பேறித்தனத்துக்கு சாமி பேரு."

பெட்டியே சிரித்தது. அக்காவும் சிரித்தாள். சிரித்த வாயை மூடுவதற்குள் கண் ஜன்னலுக்குப் போய்விட்டது. எலுமிச்சஞ்சோறு கட்டி எடுத்து வந்திருந்தாள். இருவருமே பிரிக்கவில்லை.

சென்ட்ரலில் இறங்கி டிராமில் கடற்கரைப் பக்கம் போனோம். அக்கா கடலைப் பார்த்தது அன்றுதான் முதல். பாவா கப்பலேறிய இடம் அது என்பதைத் தவிர அதைப் பற்றி அவளுக்கு எதுவும் தெரியாது. பார்த்ததும், "இவ்ளோவா?" என்றாள். அவ்வளவுதான். பிறகு அந்தப் பக்கம் திரும்பவில்லை.

துறைமுக வாசலில் காவலாளி சீட்டைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

"படம் பாக்கவா? சினிமாக் கொட்டாய் அந்தாண்ட கீதுப்பா."

"சுவர்ச் சித்திரம்."

"அதுவா! பொம்பளைங்களக் கூட்டிகினு வரியே, ராத்திரி பயந்துக்கப் போவுது. போ, போ."

உள்ளே நடந்ததை நினைத்தால் இப்போதும் என் முதுகு விறைக்கிறது. ஒன்றும் நடக்கவில்லை, நடந்துதான் போனோம். ஆனால் இரண்டு பக்கமும் கூலிகள், மூட்டைக்கு அடியில் குனிந்த முதுகுகள். ஒவ்வொரு முதுகும் திரும்பினால் பாவாவாக இருக்குமோ என்று பக்கவாட்டில் பார்த்தபடி போனேன். அவர் கிடைக்க வேண்டும் என்றுதான் ஏழு வருஷம் விளக்கேற்றினோம். இப்போது கிடைத்துவிடுவாரோ என்று கையிடுக்கில் வேர்த்தது. பாரந்தூக்கி ஒன்று தலைக்கு மேலே கிறீச்சிட்டபோது அக்கா என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். சிறு வயதில் தேர்க்கூட்டத்தில் நான் அவள் பாவாடையைப் பிடித்துக்கொள்வேன். இப்போது முறை மாறியிருந்தது.

படங்கள் இருந்த கட்டடம் மிகப் பழையது. ஒரு காலத்தில் சரக்கு நிறுத்துச் சுங்கம் வாங்கிய இடமாம். இரண்டு ஆள் உயரத்துக்கு ஜன்னல்கள், கோட்டைச் சுவர் கனம். உள்ளே சுண்ணாம்பு வாசனையும் உப்புக்காற்றும். காக்கிச் சட்டை போட்ட கிழவர் ஒருவர் சாவிக்கொத்தோடு வந்தார். அவர்தான் காட்சிசாலைக் காவலர்.

"மொதல்லயே சொல்லிடறேன்," என்றார். "மூக்கு எங்கன்னு கேக்காதீங்க. எல்லாரும் அதான் கேக்கறாங்க. எனுக்கும் தெரியாது. எழுதனவங்களயும் கேட்டேன். 'பெரியவரே, இருக்கிற எடத்துல இருக்கு'ன்னாங்க."

கோயிலில் சிலையைச் செய்து முடித்தபின் கடைசியில்தான் கண் திறப்பார்கள். இங்கே கண்ணை முதலில் திறந்துவிட்டு மற்றதைச் செய்யாமலே போய்விட்டார்கள் என்று தோன்றியது. முதல் சுவரில் மீன்காரிகள். ஒருத்திக்கு இரண்டு கண்ணும் ஒரே கன்னத்தில். முறம் முறமாகக் கைகள். அடுத்ததில் கப்பல்கள், அரிவாள்மணையை நிறுத்திவைத்த மாதிரி. வண்டி மாட்டின் வயிறு திறந்திருந்தது, உள்ளே குடலுக்குப் பதில் சக்கரம். நான் படித்தவன். நவீன சித்திரம் என்றால் இப்படித்தான் என்று எங்கோ படித்திருக்கிறேன். படித்ததால் பயம் குறையவில்லை. யுத்த காலத்தில் பத்திரிகையில் வந்த ஊர்களின் படங்கள் ஞாபகத்துக்கு வந்தன. குண்டு விழுந்த ஊரில், மறுநாள் காலையில் சுவரும் ஆளும் மாடும் இப்படித்தான் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடந்திருக்கும். பாவா ரங்கூனில் பார்த்தது இதுதானோ என்று நினைத்தேன்.

அக்கா எதையும் நின்று பார்க்கவில்லை. "மொட்டை எங்க?" என்று கேட்டுவிட்டு நடந்தாள்.

கடைசிக் கூடத்தில், கடலைப் பார்த்த ஜன்னலுக்கு எதிரே, சுவர் முழுக்க அந்த ஆட்கள். நிஜ ஆளைவிட இரண்டு மடங்கு உயரம். பழுப்பு உடம்புகள், கோணல் தோள்கள். முகம் என்று இருக்க வேண்டிய இடத்தில் நாலைந்து சாய்கோடுகள். கடைசியில் நின்றவனுக்குத் தலை முழுக்க மஞ்சள். கடல் வெளிச்சம் பட்டு அது எரிவதுபோல் இருந்தது. வலது காலில் முழுப் பாரத்தையும் போட்டு, இடது காலைத் தளர்த்தி, இடுப்பில் கையை மடக்கி நின்றான். தறியிலிருந்து எழுந்து வாசலுக்கு வந்து பாவா அப்படித்தான் நிற்பார். ஆனால் உலகத்தில் பாதிப் பேர் அப்படி நிற்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிறகுதான் பார்த்தேன். வரிசையில் வேறு யாருக்கும் காதே கிடையாது. எழுதியவருக்குக் காது தேவைப்படவில்லை போலும். கடைசி ஆளுக்கு மட்டும் இடது காது இருந்தது. மடலில் பிளவு. மூக்கு எங்கே என்று தெரியாத மனிதர் அந்தக் காதை மட்டும் பார்த்துப் பார்த்து, பொறுமையாக, பிளந்த இரண்டு துண்டும் தனித்தனியே தெரிய எழுதியிருந்தார்.

அக்காவைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை.

அவள் குரல்தான் கேட்டது. காவலரைக் கேட்டாள், மிகச் சாதாரணமாக.

"பெரியவரே, இந்த மொட்டை போட்டவரு திருத்தணியில போட்டவரா?"

"மொட்டையா?" கிழவர் சிரித்துவிட்டார். "யாரும்மா மொட்டைன்னா? மஞ்சா மூட்டைம்மா அது! ஈரோட்டு மஞ்சா. மூட்டை தூக்கறவனுக்கு தூள் கொட்டிக் கொட்டி, வேர்வையில ஒட்டிகினு, தலையே அப்படி ஆயிடும். மயிரெல்லாம் வழிச்ச மாரி படிஞ்சிடும். எழுதனவரு அதப் பாத்து சொக்கிப் போயி, எதிர்ல உக்காந்து எழுதனாரு. போன மழைக்காலத்துல."

போன மழைக்காலம். யுத்தம் முடிந்து எவ்வளவோ காலம் ஆன பிறகு.

"அப்ப சந்தனம் இல்ல," என்றாள் அக்கா.

"சந்தனத்துக்கு எங்க போறான் அவன்?"

எனக்கு அதற்குள் வேலை வந்துவிட்டது. இனிமேல் நடக்க வேண்டியது எல்லாம் என் துறை. கூலிகளுக்கு மேஸ்திரி இருப்பான், மேஸ்திரியிடம் பெயர்கள் இருக்கும், துறைமுக ஆபீசுக்கு ஒரு மனு, போலீசுக்கு ஒரு நகல். ஒரு வாரத்துக்குள் ஆளை நிறுத்திவிடலாம். நான் கிழவர் பக்கம் திரும்பி, "ஐயா, இந்த ஆளு இப்ப எந்த மேஸ்திரி..." என்று ஆரம்பித்தேன்.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கேக்காத."

"அக்கா, காதப் பாத்தியா?"

"பாத்தேன். கேக்காத."

"கேட்டா இன்னிக்கே..."

"கேட்டா சொல்லிடுவாருடா," என்றாள்.

கிழவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டே மீன்காரிகள் இருந்த பக்கம் போய்விட்டார். கூடத்தில் நாங்கள் இருவரும், காது இல்லாத ஆட்களும், காது உள்ள ஒருவரும். அக்கா அருகில் போய் நின்றாள். அவளுடைய தலை அந்த உருவத்தின் இடுப்பு உயரத்துக்குத்தான் வந்தது. தொடவில்லை. அழவும் இல்லை. அண்ணாந்து, அந்தக் காதை, குழந்தையின் காதில் அழுக்கு இருக்கிறதா என்று பார்க்கிறவள் மாதிரி பார்த்தாள். பிறகு முந்தானையைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு நடந்தாள்.

வெளியே வரும்போது கூலிகளின் நடுவே மறுபடியும் நடக்க வேண்டியிருந்தது. நான் தரையைப் பார்த்தபடி வேகமாக நடந்தேன். மஞ்சள் தூள் எங்காவது சிந்தியிருக்குமோ என்று பயந்தேன். அக்கா நிமிர்ந்து நடந்தாள். வரும்போது பிடித்த சட்டையைப் போகும்போது அவள் பிடிக்கவில்லை.

அரக்கோணம் தாண்டியதும் அக்கா எலுமிச்சஞ்சோற்றைப் பிரித்து எனக்குப் பாதி கொடுத்தாள்.

"நான் சொல்றத கேளு," என்றாள். "அவரு சாமிகிட்ட என்னான்னு வேண்டிகினாரு?"

"திரும்பி வந்தா மொட்டை போடறேன்னு."

"மொட்டை போட்டுகிறாரா?"

"இல்ல."

"அப்ப திரும்பி வரல."

எத்தனையோ வக்கீல்களின் வாதங்களைக் கேட்டிருக்கிறேன். இதைப்போல் ஓட்டையில்லாத ஒன்றைக் கேட்டதில்லை.

"அக்கா, உயிரோட இருக்கிறவருக்குக் காரியம் பண்றது..." என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. "ஏதாவது ஆயிட்டா?"

"ஆவும்னு எனக்கும் பயமாத்தான் கீது. என்னா பண்ண சொல்ற? ரயிலேறினா மத்தியானத்துக்குள்ள ஊரு. அவருக்கு அது ரங்கூன விட தூரமா இருக்குது." கையைக் கழுவிக்கொண்டாள். "தேடி இட்டாந்து வாசல்ல நிக்க வச்சா, அவரு எங்கடா பாப்பாரு? தரையத்தான் பாப்பாரு. அத நான் பாக்க மாட்டேன். நீ மாமாகிட்ட பொய் சொல்ல வேணாம். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

அம்மையார்குப்பத்தில் சபை கூடியிருந்தது. பெரியவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தறிகளை நிறுத்திவைத்திருந்தார்கள். அந்தத் தெருவில் தறிச் சத்தம் இல்லாத பகலை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

"மொட்டைதானா?" என்று முதல் கேள்வி.

"இல்ல மாமா. மஞ்சள் மூட்டை தூக்கறவங்க. தலையில தூள் படிஞ்சது."

கூட்டத்திலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. பாவாவின் தம்பி என்னை நேராகப் பார்த்தான். அவனுக்கு அண்ணன் நிற்கிற நிலை தெரியும். நான் பார்வையை மாற்றிக்கொண்டேன்.

"சந்தனம் இல்ல?"

"இல்ல."

"அப்ப அவன் மலைக்கு வரல." பெரியவர் நிழலாகத் தெரிந்த அக்காவின் பக்கம் முகத்தைத் திருப்பினார். "நீ சொல்லும்மா. வந்துட்டானா?"

"வரல மாமா," என்றாள் அக்கா.

காது பற்றி யாரும் கேட்கவில்லை. காது என்ற ஒன்று இருப்பதே அன்றைக்கு யாருக்கும் ஞாபகம் வரவில்லை. மொட்டையிலேயே நின்றுவிட்டார்கள்.

பாலாற்றங்கரை வேண்டாம், அம்மையார்குப்பத்து ஏரிக்கரையே போதும் என்று ஐயர் சொன்னார். தர்ப்பையால் கட்டிய உருவம் ஒரு முழத்துக்குச் சற்று மேலே இருந்தது. தம்பிதான் கொள்ளி வைத்தான். வைத்ததும் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டதை எல்லோரும் துக்கம் என்று நினைத்தார்கள். புல் சடசடவென்று பற்றியபோது நான் எமன் திசையான தெற்கே பார்த்தேன், சென்னை இருக்கிற கிழக்கே பார்த்தேன். இந்நேரம் துறைமுகத்தில் ஒருவர் மூட்டையோடு தடுக்கி விழுகிறாரோ? அறிவுக்குப் பொருந்தாத நினைப்பு. அறிவு எனக்குப் பின்னால் எங்கோ நின்றுகொண்டிருந்தது. பத்தாம் நாள் காரியத்தில் பெண்கள் அக்காவைச் சுற்றி நின்று தாலியை எடுத்தார்கள். அவள் குனிந்து கழுத்தைக் கொடுத்தாள். அதில் சுமை இறங்கியதா ஏறியதா என்று அவள் முகத்திலிருந்து என்னால் படிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு தம்பிக்குக் கல்யாணம் நடந்தது. பெரியவர் போய்ச் சேர்ந்தார். ஊர் எங்களை மறந்து வேறு வீடுகளுக்குப் போனது. எனக்கு மட்டும் பயம் போகவில்லை. காரணம் எளிது. வேண்டுதல் பாக்கியிருக்கிறது. சட்டப்படி அவர் கதை முடிந்தது, சாஸ்திரப்படியும் முடிந்தது. மலைமேல் மட்டும் முடியவில்லை. மனிதனுக்கு வயதாகும், முடியாமல் போகும், சாமிக்குக் கட்ட வேண்டியது ஞாபகம் வரும். அப்போது அவர் ரயிலேறி வருவார், மொட்டை போட்டுக்கொள்வார், எங்கள் தெரு வழியாகத்தான் இறங்குவார். இப்படிப்பட்ட பயத்தோடு வாழ்வதற்கு இந்த ஊரைவிட மோசமான ஊர் கிடையாது. காலையில் பல் துலக்க வாசலுக்கு வந்தால் மொட்டை. கறிகாய் வாங்கப் போனால் மொட்டை. தாலுகா ஆபீசில் மனுவோடு நிற்பவனும் மொட்டை. நான் அவர்களுடைய காலைப் பார்த்துப் பேசப் பழகிக்கொண்டேன். குமாஸ்தாவுக்குக் கர்வம் என்று ஊரில் பேர் வந்தது.

அக்கா அப்படியில்லை. ஆடிக் கிருத்திகைக்குத் தெரு அடைத்துக்கொண்டு காவடிகள் போகும். அவள் வாசலில் பெரிய பானையில் நீர்மோர் கரைத்து வைத்துக்கொண்டு, இறங்கி வருகிறவர்களுக்கு ஊற்றுவாள். குங்குமம் இல்லாத நெற்றி. கேட்டவர்களுக்கு இல்லையென்று சொல்லமாட்டாள். ஒவ்வொரு முறையும், சொம்பைச் சாய்ப்பதற்கு முன், வந்தவரின் முகத்தை நிமிர்ந்து பார்ப்பாள். பிறகு பார்வை ஒரு கணம் அவருடைய இடது காதுக்குப் போகும். அதற்குப் பிறகுதான் மோர் விழும். நான் உள்ளே கதவுக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் பார்வை நகரும் ஒவ்வொரு தடவையும் என் மூச்சு நிற்கும்.

ஒரு வருஷம் தாங்கமுடியாமல் கேட்டுவிட்டேன். "ஒவ்வொருத்தனையும் அப்படிப் பாக்கணுமாக்கா? பயமா இல்ல?"

"மொகத்தப் பாக்காம ஊத்தனா மோரு கீழ சிந்திடும்டா," என்றாள், அடுத்தவருக்குச் சொம்பை மொண்டபடி.

"அவரு வந்துட்டா?"

"வந்தா என்னா? தாகமா வருவாரு. ஊத்துவேன்."

அக்காவும் போய்விட்டாள். அவர் வந்ததாக எனக்குத் தெரியாது. வந்து, மோர் குடித்துவிட்டுப் போயிருந்தாலும் அவள் என்னிடம் சொல்லியிருக்க மாட்டாள். பென்ஷன் வாங்கிப் பல வருஷம் ஆன வயதில், கணக்குப் பார்த்தால் பாவா உயிரோடிருக்க நியாயமில்லாத காலத்திலும், கிருத்திகை அன்று நான் வாசல் கதவைச் சாத்திக்கொள்கிறேன். காவடிச் சத்தம் தெருவில் வரும், போகும். எப்போதாவது எங்கள் வாசலுக்கு நேரே வந்து அது நின்றுவிடும். யாரோ இளைப்பாறுவார்கள், முன்பு இங்கே மோர் ஊற்றுவார்களே என்று யாரோ கேட்பார்கள். நான் உள்ளே, எழுந்திருக்காமல், காலடி நகரும்வரை காத்திருப்பேன்.